ஆறாம் நாள் எண்ணிக்கை

யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல நான். மீன்காரி "இப்பம் கரைக்கு வந்த மீனாக்கும்" என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பேன். என் வீட்டுக்காரர் காலையில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் டீக்கடையில் பழம்பொரி தின்னத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை நோய் உள்ள மனிதர், திரும்பி வரும்போது வேட்டியில் எண்ணெய்க் கறை இருக்கும். சந்தேகப்படுவது கெட்ட குணம் என்று யாராவது புத்தி சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்தவர்கள் யார் நன்றாக வாழ்ந்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல இருக்கும் ஒரு ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியை. கேரளத்துப் பள்ளிக்கூடம்தான். ஆனால் ஒரு பக்கம் மலையாள வகுப்பும் மறுபக்கம் தமிழ் வகுப்பும் நடக்கும். நான் தமிழ் வகுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெஞ்சில் இடமில்லாமல் பிள்ளைகளைத் தரையில் பாய் விரித்து உட்கார வைத்திருக்கிறேன். இப்போது பாதி பெஞ்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மதியக் கஞ்சிக்கான அரிசி மூட்டைகளை அதன் மேல் வைத்திருக்கிறோம். அரிசியில் ஈரம் ஏறாமல் இருப்பதற்கு நல்ல ஏற்பாடு.

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றால், பாதிப் பேர் பிறக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒன்று பெற்றுவிட்டு "போதும் டீச்சரே" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எங்கள் சபையில் ஞானஸ்நானம் நடந்தால் எல்லாரும் எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவு அபூர்வமாகிவிட்டது. பிறந்த மிச்சப் பேரை மஞ்சள் வேன் வந்து ஆங்கிலப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போகிறது. அதைப் பற்றி நான் ஆவேசமாகப் பேசினால் வீட்டுக்காரர் மெதுவாக ஒரு வார்த்தை போடுவார்.

"நம்ம பிள்ளய நீ எந்த ஸ்கூலுல சேத்த? நெய்யாற்றின்கரை இங்கிலீஷ் மீடியத்துல தானே? வேன் ஃபீஸ் குடுத்தது நானாக்கும்."

உண்மைதான். அந்த இங்கிலீஷ்தான் மகளை அயர்லாந்து வரை கொண்டு போனது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு மகன். "இன்னொண்ணு வேண்டாமாடி?" என்று கேட்டால், "நைட் டூட்டிக்கு நீ வாறியாம்மா?" என்று திருப்பிக் கேட்பாள்.

ஒரு தடவை போனில் அவள் சொன்ன கதை எனக்கு மறக்கவில்லை. அவர்கள் இருக்கும் சிறிய ஊரின் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, வெள்ளைக்காரி, ஒரு கேக்கைச் செய்து எடுத்துக்கொண்டு இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். பேரனை அங்கே சேர்க்கச் சொல்லித்தான் வந்திருக்கிறாள். பிள்ளைகள் குறைந்தால் அங்கேயும் ஒரு ஆசிரியர் வேலை போகுமாம். நம்மூர் நர்சுகளின் பிள்ளைகள் வந்துதான் அந்தப் பள்ளி நிற்கிறதாம்.

"கேக்குல என்ன கலந்திருந்தாளோ!" என்றேன். மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் அவள் வகுப்பை நிரப்பிக்கொண்டாள், என் வகுப்பை யார் நிரப்புவது என்றுதான் எனக்கு ஓடியது.

எங்களுக்கு அது விளையாட்டு விஷயம் அல்ல. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் அந்த வருடம் எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். பெயர் மட்டும் போதாது, ஆதார் எண்ணும் கணினியில் ஏறியிருக்க வேண்டும். ஏறின பிறகும் தகப்பனோ தாயோ கார்டை எடுத்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டால் பெயர் அங்கே மாறிவிடும். ஆகவே ஆறாம் நாள் தாண்டும் வரை ஜூன் மாதத்தில் நாங்கள் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. நான் சொல்லும் அந்த வருடம் என் வகுப்பு நிற்க இரண்டு பிள்ளைகள் குறைந்தது. குறைந்தால் தமிழ் வகுப்பு போகும், என் வேலை அங்கிருந்து போகும், என்னைக் காட்டாக்கடைக்கு அப்பால் எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள். ஓய்வு பெற அப்போது மூன்று வருடம் இருந்தது. முட்டு வலியோடு மூன்று பஸ் மாறி ஏற என்னால் முடியாது. அதைவிட, ஒரு தடவை மூடின தமிழ் வகுப்பைத் திரும்பத் திறந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

மே மாத வெயிலில் பிஸ்கட் பாக்கெட்டும் குடையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். அப்படித்தான் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் அந்தக் குடும்பத்தைக் கண்டேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாவற்றிலும் வடக்கத்தித் தொழிலாளிகள். எங்கள் ஊரில் அவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், 'பெங்காலி'. இவர்கள் ஜார்கண்ட். அவன் கான்கிரீட் வேலை. அவள் வீட்டில் இருந்தாள். ஒரு மகன், ஒரு மகள். முன்னால் திருப்பூரில் மூன்று வருடம் இருந்தவர்களாம், பிள்ளைகள் இரண்டும் தமிழ் பேசின. எனக்கு ஏசுவே நேரில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"வேற பிள்ள உண்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ஊர்ல இருக்கு டீச்சர்," என்றாள் அவள். "சின்னது. ரெண்டு வயசு. அவரு அக்கா பாக்குது."

"அதையும் இங்க கூட்டிட்டு வா. மூணு வருசத்துல ஸ்கூலுக்கு ஆவும்."

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பெற்ற தாய் பிள்ளையை நினைத்துச் சிரித்தாள், நானோ எனக்குப் பின்னால் வரப்போகும் டீச்சருக்கு ஒரு தலை சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே இன்னொரு சங்கதியும் தெரிந்தது. புருஷன்காரனின் ஆதார் கார்டைக் காண்ட்ராக்டர் வாங்கி வைத்திருந்தான். ஆள் இடையில் ஓடிப்போகாமல் இருக்க எல்லார் கார்டையும் அப்படி வாங்கி வைப்பானாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அவன் எதுக்கு வச்சிருக்கான்? நீங்க என்ன அவனுக்க அடிமைகளா? ஒனக்க கார்டையும் பிள்ளைகளுக்க கார்டையும் யாருக்கும் குடுக்கப்படாது, கேட்டியா?" என்று அவளைத் திட்டினேன். அவள் "சரி டீச்சர், சரி டீச்சர்" என்றாள். அந்தக் கார்டுகளைப் பள்ளி திறந்த திங்கட்கிழமை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றே கணினியில் ஏற்றிவிட்டேன். ஏற்றின கையோடு திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். மறந்து போனேன் என்று சொல்லலாம், செவ்வாய்க்கிழமை வரை அது உண்மையும்கூட. புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது லைன் வீட்டு முன்னால் ஒரு மஞ்சள் வேன் நின்றது. உதியன்குளங்கரைப் பக்கத்துப் பள்ளி வேன். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரை நான் நன்றாக அறிவேன். 'சார்' என்பது எங்கள் பக்கத்து வாயில் 'சாறு' ஆகிவிடும், அவரையும் 'சாறு' என்போம், சிரித்துச் சிரித்துப் பேசுவார். அவருக்கும் அந்த வருடம் தலை குறைவு. வேனைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. மோப்பம் பிடித்து வந்துவிட்டார்களே, படுபாவிகள்!

அதற்குப் பிறகு கார்டுகள் என் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. கார்டு இல்லாமல் எந்தச் சாறும் பெயரை மாற்ற முடியாது.

வெள்ளிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்த சாயங்காலம், புருஷனும் பெண்டாட்டியும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவன் கால் முட்டு வரை சிமெண்ட். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"டீச்சர், கார்டு வேணும்," என்றான். "ஊர் போகணும். சின்ன பாப்பா காய்ச்சல். ரொம்ப காய்ச்சல். ஆஸ்பத்திரியில போட்டாச்சு. நாளைக்கு காலையில வண்டி."

"ஒனக்க கார்டு இல்லியா?"

"காண்ட்ராக்டர் குடுக்கல. ஸ்லாப் முடிச்சிட்டுப் போன்னு சொல்றான். அவ கார்டு இருந்தா டிக்கெட் எடுக்கலாம். போன்ல போட்டோ இருக்கு, ஏஜென்ட் ஒரிஜினல் வேணும்னு சொல்றான். கார்டு இல்லாம போனா பங்களாதேஷ்னு சொல்லி இறக்கி விட்டுடுவாங்க, டீச்சர். போன மாசம் எங்க ஆளு ரெண்டு பேரைப் பிடிச்சாங்க."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் லீவ் லெட்டர் வாசித்தவள் நான். காய்ச்சல் என்று எழுதாத லெட்டர் உண்டா? கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், கன்னியாகுமரி பார்க்கப் போனாலும் காய்ச்சல். ஆறாம் நாள் திங்கட்கிழமை. சரியாக அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வருமாம், ஒரிஜினல் கார்டு வேண்டுமாம். சாறு சொல்லிக் கொடுத்த பாடம் என்று என் மனதில் முடிவே ஆகிவிட்டது.

"கார்டு ஸ்கூல் அலமாரையில பூட்டியிருக்கு," என்றேன். "சாவி ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட. அவங்க வீட்டுக்குப் போயாச்சு, இனி திங்கக்கிழமதான்."

கைப்பை என் முதுகுக்குப் பின்னால் கதவு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அவனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள். அழுவாள், சண்டை போடுவாள், அப்போது குட்டு வெளிப்படும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "சரி டீச்சர்," என்றாள். இரண்டு பேரும் மழையில் இறங்கிப் போனார்கள்.

வீட்டுக்காரர் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனைக்கூட அதட்டத் தெரியாத மனிதர்.

"கார்டு ஒனக்க பேக்குல தானே கெடக்குது?"

"நீங்க சும்மா இருங்க."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாக்கும். பிள்ளைக்குச் சொகமில்லன்னு சொல்லுதானே?"

"காய்ச்சலுன்னு எத்தன லெட்டர் நான் கண்டிருக்கேன்!"

"அதுல கொஞ்சம் உண்மையாட்டும் இருந்திருக்கும்டீ," என்று சொல்லிவிட்டு டிவியை வைத்தார்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் எனக்குப் பொறுக்கவில்லை. அதை மனசாட்சி என்று சொல்லிக்கொண்டால் அது பொய். சாறு வேறு ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரப்பர் தோட்டம் சுற்றி வந்தேன். லைன் வீட்டில் பிள்ளைகளின் துணி கொடியில் கிடந்தது. போகவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை நல்ல மழை. நான் போவதற்கு முன்பே அவள் பள்ளி வாசலில் நின்றாள். பிள்ளைகள் இரண்டும் யூனிபார்மில். பக்கத்தில் இரண்டு பெரிய பைகள், வாய் கட்டின ஒரு சாக்கு, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பாத்திரங்கள். அவன் ஆட்டோ பேச ரோட்டுக்குப் போயிருந்தான்.

அந்தப் பைகளைப் பார்த்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. உதியன்குளங்கரைப் பள்ளியில் சேர யாரும் வாளியோடு கிளம்ப மாட்டார்கள். காய்ச்சல் உண்மை. ஊரில் ஒரு பிள்ளை கிடக்கிறது.

தெரிந்த பிறகு நான் செய்ததுதான் பெரிய பாவம். "எண்ணி முடிஞ்சதும் தாறேன். பிள்ளைகள் கிளாசுல இருக்கட்டும்," என்றேன். மூன்று நாள் போய்விட்டது, இன்னும் நாலு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கஞ்சி காய்ச்சும் கஞ்சிப்புரை ஓரமாக, ஒழுகுகிற கூரைக்குக் கீழே பைகளோடு உட்கார்ந்தாள். உள்ளே அவள் மகள் என் மேசைக்கு வந்து, "டீச்சர், இன்னைக்கு பாப்பாவைப் பாக்கப் போறோம்," என்று ரகசியம் போலச் சொன்னாள். "இடத்துல போய் இரு மக்கா, பேர் கூப்பிடணும்," என்றேன்.

பெயர் கூப்பிட்டோம். இரண்டும் "உள்ளேன் ஐயா" என்று கத்தின. டீச்சரிடம் அம்மா என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கக்கூட எனக்கு நேரமில்லாமல் இருந்தது. எண்ணினார்கள், சரியாக இருந்தது. கணினியில் அனுப்பிவிட்டேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து சொல்லும்போது மணி பன்னிரண்டரை. அலமாரை வரை போய்த் திறந்து மூடி, கைப்பையிலிருந்து எடுத்த கார்டுகளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். பயணத்துக்கு என்று ரொட்டியும் வாங்கிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆட்டோ போய்விட்டது.

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் ஆசிரியர் கூட்டம். சாறு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர் தப்பிச்சாச்சு, இல்லியா? எனக்கு ஒரு டிவிஷன் போச்சு."

"ஒங்க வேன் எங்க லைன் வீட்டு முன்னால நின்னுதே?" என்று கேட்டேவிட்டேன்.

"வேனா? ஓ, நம்ம டிரைவர் மரச்சீனி வாங்க வந்திருப்பான். அங்க நல்ல கெழங்கு கிடைக்குமாம். ஏன், டீச்சருக்குக் கெழங்கு வேணுமா?"

 மதியம் அங்கே கொடுத்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

அதன் பிறகு ஒரு வருடம் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் போன் நம்பர் பள்ளிப் பதிவில் இருந்தது. பல தடவை எடுத்துப் பார்த்தேன், கூப்பிடவில்லை. காய்ச்சல்தானே, பிள்ளைகளுக்கு வரும், போகும் என்று சொல்லிக்கொண்டேன். மகளிடம் ஒரு நாள் பொதுவாகக் கேட்டேன், ரெண்டு வயசுப் பிள்ளைக்குக் கடுத்த காய்ச்சல் என்றால் என்னவாக இருக்கும் என்று. "எந்த ஊர், என்ன ஆஸ்பத்திரி, அதைப் பொறுத்தாக்கும்மா," என்றாள். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

இந்த மே மாதம், மறுபடியும் குடையும் பிஸ்கட்டுமாக நான் வீடு ஏறப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அவளே வந்தாள். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்திருந்தன. அவள் பாதியாகிவிட்டாள். வேறு காண்ட்ராக்டரிடம் வேலை, அதே லைன் வீடுதான் என்றாள்.

கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டேன்.

"இல்ல டீச்சர்," என்றாள். எதையோ கடையில் கேட்டால் இல்லை என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள். "நாங்க போய்ச் சேந்தது புதன்கிழமை ராத்திரி. அது திங்கக்கிழமை போயிருச்சு. மண்ணு போட்டாச்சு. முகம் பாக்கல."

சனிக்கிழமை வண்டி ஏறியிருந்தால் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்தக் கணக்கைப் போட எனக்குக் கணினி தேவைப்படவில்லை.

"அந்தக் காண்ட்ராக்டர்," என்றாள் அவள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "கார்டு குடுத்திருந்தா பாத்திருப்பேன். அவன் மனுசன் இல்ல டீச்சர். நீங்க அப்பவே சொன்னீங்க, கார்டு யாருக்கும் குடுக்காதேன்னு. ஸ்கூல் பூட்டியிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

 உலகத்தில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவள் நான். என்னைச் சந்தேகப்பட வேண்டிய ஒரே ஒருத்தி என் முன்னால் நின்றுகொண்டு என் மேல் துளி சந்தேகம் இல்லாமல் அழுகிறாள். கார்டு என் பையில்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதே நொடியில், சொன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளே, இந்த வருடமும் இரண்டு குறைகிறதே என்று உள்ளே ஒன்று எண்ணிக்கொண்டிருந்தது. வெட்கம் கெட்ட மனது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். நான்கு கார்டுகள், இந்தத் தடவை புருஷனுடையதும் இருந்தது.

"போன்ல போட்டோ எடுத்துக்கிறேன், கார்டு நீயே வச்சுக்கோ," என்றேன்.

"வேண்டாம் டீச்சர். காண்ட்ராக்டர் கேட்டா இல்லைன்னு சொல்லணும். உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று என் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்து விரல்களை மடக்கினாள்.

ஜூனில் ஆறாம் நாள் எண்ணினார்கள். கணக்கு சரியாக இருந்தது. என் வகுப்பு நிற்கிறது. தினமும் சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட வரும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.